முத்திரை குத்திய கை

எலிஜே மலைப்பக்கம், ஜார்ஜியா
9 பிப்ரவரி 1864

அண்ணன் ஜெத்ரோவுக்கு,

என் கணவர் லெவியின் வலது கையையும் ஒரு கண்ணையும் பறித்தது வடக்கத்திப் படை இல்லை. நீ.

நீ செய்து, நீயே மலையேறிக் கொண்டுவந்து, அவர் இடுப்பில் நீயே செருகிவிட்டுப் போன பித்தளைத் துப்பாக்கி, போன மாதக் கடைசியில் அவர் காவல் நின்ற இடத்தில் கையிலேயே வெடித்தது. குண்டு போடும் உருளை பிளந்து பறந்திருக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லை. வலது கண் இருந்த இடத்தில் ஒரு குழி.

இதற்கு அழுது முடித்துவிட்டேன். கை போன ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு பக்கம் நிம்மதிகூடப் பட்டேன், கடவுள் மன்னிக்கட்டும். அனுப்பவில்லை. கட்டிவைத்திருக்கிறார்கள். சண்டைக்குப் பயந்து தன் கையைத் தானே சிதைத்துக்கொண்டார் என்று வழக்கு. இந்தக் குளிர்காலத்தில் முகாமில் விரலைச் சுட்டுக்கொண்டவர்கள் அதிகமாம். ஒருவனைச் சுட்டுக் காட்டினால் மற்றவர்கள் அடங்குவார்கள் என்று தளபதிகள் பேசிக்கொள்கிறார்களாம்.

அவர்களிடம் இருக்கும் சாட்சி உருளையின் ஒரு துண்டு. அதில் உங்கள் ஆலையின் முத்திரை இருக்கிறது. சோதித்தாயிற்று என்பதற்கு நீங்கள் குத்தும் அந்த ஒற்றை எழுத்து. இரட்டை வெடிமருந்து திணித்து வெடித்துப் பார்த்துத் தேறிய துப்பாக்கி தானாகப் பிளக்காது, இவன் வேண்டுமென்றே மருந்தை அடைத்திருக்கிறான் என்கிறார்கள். விசாரிக்கப் போன என்னிடம் அந்தக் காப்டன் சிரித்துக்கொண்டே, "முத்திரை பொய் சொல்லாதும்மா. அப்போ பொய் சொல்றது யாரு, நீயே சொல்லு" என்றான்.

அதனால் நீ ஒரு வரி எழுத வேண்டும். "இந்தத் துப்பாக்கியை வெடித்துப் பார்க்காமல் முத்திரை குத்தினேன்." கீழே உன் கையெழுத்து. வேறு எதுவும் வேண்டாம்.

தங்கை
டோர்கஸ்


ஹார்லன் மில்ஸ்
16 பிப்ரவரி 1864

என் அன்புத் தங்கை டோர்கஸுக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்த நேரத்திலிருந்து தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை. லெவி எனக்கு மாப்பிள்ளை மட்டுமா? தம்பி இல்லாத குறையைத் தீர்த்தவன் இல்லையா? உன் துக்கத்தில் நீ என்ன எழுதினாலும் நான் மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன். அண்ணன் நன்றாக இருக்கிறானா, இருமல் தேவலையா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பரவாயில்லை.

இங்கே எஃகு கிடையாது, உனக்குத் தெரியும். தேவாலய மணியை உருக்கித்தான் துப்பாக்கியின் உடம்பு வார்க்கிறோம். உருளைக்கு இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் கயிறு மாதிரி முறுக்குகிறோம். முறுக்கிய இரும்பு லேசில் பிளக்காது. அந்த வேலையைச் செய்பவன் முதலாளி லாட்டிமரின் அடிமை, ஐசம் என்று பெயர். நல்ல தோள்காரன். கடைந்து, பூட்டி, முத்திரை குத்துவது நான். சனிக்கிழமை சாயங்காலம் ஆற்றங்கரையில் வரிசையாக வைத்து வெடித்துப் பார்க்காமல் இந்த ஆலையிலிருந்து ஒன்றும் வெளியே போகாது. ஊரே அந்தச் சத்தத்தை வைத்துத்தான் வாரம் முடிந்தது என்று தெரிந்துகொள்கிறது.

லெவி குண்டுக்கு மேலே கொழுப்புத் தடவினானா என்று கேள். தடவாவிட்டால் பொறி பாய்ந்து உருளையில் குண்டு இருக்கும் எல்லா அறையும் சேர்ந்து வெடிக்கும். ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அவன் எப்போதும் அவசரக்காரன். உன் கல்யாணத்தன்றே பாதிரியார் கேட்டு முடிப்பதற்குள் "சம்மதம்" என்று கத்தினவன்தானே.

நீ கேட்கும் வரியை நான் எழுத முடியாது. உண்மை இல்லாததை எப்படி எழுதுவது? ஊசியும் கொஞ்சம் நூலும் இத்துடன் வைத்திருக்கிறேன். இப்போது இவை எங்கேயும் கிடைப்பதில்லை.

உன் நலம் நாடும்
ஜெத்ரோ


எலிஜே
24 பிப்ரவரி 1864

அண்ணனுக்கு,

ஊசி வந்தது. நூலும் வந்தது.

சோள ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன். மாட்டுக் கொட்டகையில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்கள். கைக்கட்டு நாறுகிறது. நான் பிட்டுப் பிட்டு ஊட்டினேன். "என்னங்க சொன்னீங்க அவங்ககிட்ட?" என்று கேட்டேன்.

"உள்ளதச் சொன்னேன். மச்சான் எனக்குன்னு பாத்துப் பாத்துச் செஞ்சது, அதுல குறை வராது, நான்தான் இருட்டுல மருந்தக் கூடப் போட்டுட்டேனோ என்னவோன்னு சொன்னேன்."

"அடப்பாவி மனுஷா! உங்க கழுத்துக்கு நீங்களே கயிறு திரிச்சுக் கொடுத்துட்டு வந்திருக்கீங்க."

"ஜெத்ரோ பேரக் கெடுக்கச் சொல்றியா? அந்த ஆளு பொழைப்பே அந்த முத்திரையிலதாண்டி இருக்கு."

அண்ணா, அவர் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒரு கண்ணால் சிரித்தால் முகம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். கைதியே துப்பாக்கியில் குறையில்லை என்று ஒப்புக்கொண்டான், மருந்தைக் கூடப் போட்டதையும் ஒப்புக்கொண்டான் என்று தீர்ப்பு. மார்ச் பதினொன்று வெள்ளிக்கிழமை சுடுகிறார்கள்.

கொழுப்பைப் பற்றிக் கேட்டாயே. அரசாங்க ஆள் வந்து எங்கள் பன்றி இறைச்சியில் பங்கு எடுத்துக்கொண்டு போன பிறகு மிச்சம் இருந்த கொழுப்பை நான் பிள்ளைகளுக்கு வைக்காமல் உருக்கி, மூக்குப்பொடி டப்பாவில் அடைத்து, அவர் பையில் வைத்து அனுப்பினேன். அவர் தடவினார். டப்பா பாதி காலியாக என்னிடம் திரும்பி வந்திருக்கிறது. பிள்ளைகள் இப்போது அதைத்தான் ரொட்டியில் தொட்டுத் தின்கிறார்கள்.

இன்னொன்று. சனிக்கிழமைதான் வெடித்துப் பார்ப்போம் என்று நீயே எழுதியிருக்கிறாய். அக்டோபரில் நீ எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை. பையை இறக்கி வைக்கும் முன்னே துப்பாக்கியை எடுத்து மேசையில் வைத்து, "மாப்ள, நேத்துக் காலையிலதான் பூட்டினேன், சூடு ஆறல, தொட்டுப் பாரு" என்றாய். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். காதில் விழுந்தது. புதன்கிழமை பூட்டியதை எந்தச் சனிக்கிழமை வெடித்துப் பார்த்தாய்?

இதை நான் தளபதியிடம் சொன்னேன். பெண்டாட்டி பேச்சு சாட்சி ஆகாது என்றார். உன் பேச்சு ஆகும்.

வரியை எழுது.

டோர்கஸ்


ஹார்லன் மில்ஸ்
1 மார்ச் 1864

தங்கைக்கு,

வெடித்துப் பார்க்கவில்லை.

என் மாப்பிள்ளைக்கு என் கையால் ஒன்று கொடுக்க ஆசைப்பட்டேன். லீவு கிடைத்தது புதன்கிழமை. முத்திரை இல்லாத துப்பாக்கியை வாசல் காவல்காரன் வெளியே விடமாட்டான். அதனால் குத்தினேன். பாசத்தில் செய்தது. அதற்கு இந்தத் தண்டனையா?

நான் எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? இது ஒன்றோடு நிற்காது. மருந்து வரத்து குறைந்ததிலிருந்து சனிக்கிழமை வெடிப்பதெல்லாம் ஊருக்குக் கேட்பதற்காக இரண்டு மூன்றுதான். மற்றதெல்லாம் முத்திரையோடு பெட்டிக்குள் போகிறது. லாட்டிமர் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "ஜெத்ரோ, நீ குத்துற எழுத்துதாம்பா நம்ம எல்லாருக்கும் சோறு" என்பார். எழுத்தில் எதுவும் கொடுக்க மாட்டார். விசாரணை என்று வந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. அவருடைய ஒரே மகன் இருபது அடிமைக்கு ஒரு வெள்ளைக்காரனுக்குப் படையிலிருந்து விலக்கு என்ற சட்டத்தில் பண்ணையில் உட்கார்ந்து முயல் வேட்டை ஆடுகிறான். அவர்கள் மேல் யார் கை வைப்பார்கள்? நான் மாட்டுவேன். ஆலைக்காரன் என்று எனக்குக் கொடுத்திருக்கும் விலக்குச் சீட்டைக் கிழித்து என்னைப் படைக்கு அனுப்புவார்கள். அல்லது சதிகாரன் என்று சொல்லி நேராகச் சுவரோரம் நிறுத்துவார்கள். லெவிக்குப் பதிலாக நான் செத்தால் உனக்குத் திருப்தியா? கூடப் பிறந்தவன் நான்.

உருளையிலேயே குறை இருந்திருக்கலாம். அந்த வாரம் ஐசமுக்கு நல்ல காய்ச்சல். நிற்க முடியாமல் ஆடிக்கொண்டிருந்தவனை மேஸ்திரி சவுக்கால் அடித்து உலைக்கு அனுப்பினான். இரும்பு சரியாகக் காயாமல் முறுக்கியிருப்பான். யார் கண்டது.

கோபப்படாதே. உனக்காக இரவெல்லாம் ஜெபிக்கிறேன்.

ஜெத்ரோ


எலிஜே
4 மார்ச் 1864

அண்ணா,

உன் தலை போக வேண்டாம். எனக்கு என் புருஷன் வேண்டும், அவ்வளவுதான்.

ஐசம் என்று எழுது. குறை வைத்து முறுக்கியவன் அவன் என்று எழுது. நீ வெடித்துப் பார்த்தபோது தெரியாத மாதிரி உள்ளே விரிசல் வைத்தான் என்று எழுது. வடக்கத்தியான் வந்தால் விடுதலை என்று அவர்கள் எல்லோரும் காத்துக்கொண்டிருப்பது ஊருக்கே தெரியும், தளபதிகள் நம்புவார்கள். உன் முத்திரையும் நிற்கும், லாட்டிமரும் நிற்பார், லெவியும் வீட்டுக்கு வருவார். அவனை யாரும் எதிர்க்கேள்வி கேட்க விடப்போவதில்லை.

எழுதி அனுப்பிக்கொண்டிருக்காதே. நீயே ரயிலேறி முகாமுக்குப் போ. வெள்ளிக்கிழமைக்கு முன்னால்.

இதைப் படித்ததும் எரித்துவிடு.

டோர்கஸ்


ஹார்லன் மில்ஸ்
14 மார்ச் 1864

அன்புத் தங்கைக்கு,

லெவி இந்நேரம் வீடு வந்திருப்பான். புதன்கிழமை நானே போய்ச் சொன்னேன். பைபிள் மேல் கை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். காப்டன் என்னை உட்காரவைத்து, கிழங்கு வறுத்துப் போட்ட காப்பி கொடுத்தான். "இத மொதல்லயே சொல்லியிருந்தா அந்தப் பொம்பள இவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டாமே" என்றான்.

லாட்டிமருக்கு முதலில் கோபம். நல்ல வேலைக்காரன் போகிறானே என்று. பிறகு யோசித்துப் பார்த்து, "இதுவும் நல்லதுதான். இதுவரைக்கும் எங்கெங்க வெடிச்சுதோ எல்லாத்துக்கும் இது பதிலாப் போச்சு" என்றார்.

ஐசமை என் பட்டறைக்கு எதிரே நிறுத்திக் கேட்டார்கள். அவன் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தே பேசினான். "ஜெத்ரோ ஐயா, குறை இருந்தா சனிக்கிழமை ஆத்தங்கரையில தெரிஞ்சிருக்குமே. நீங்க வெடிச்சுப் பாத்தீங்கதானே? பாத்தேன்னு மட்டும் சொல்லுங்க, நான் வாய மூடிக்கிறேன்."

பார்த்தேன் என்றேன்.

"சரிங்க" என்றான். மேஸ்திரி யாரோ நகைச்சுவை சொன்ன மாதிரி சிரித்தான்.

முற்றத்தில் இரும்புப் பாளங்களைத் தூக்கும் கப்பியிலேயே தொங்கவிட்டார்கள். அடிமைகள் எல்லோரையும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்க வைத்தார்கள். அவன் மனைவி வைனி, ஆலைச் சமையலறையில் வேலை செய்பவள், அவளையும் முன்வரிசையில். அவள் கையில் மாவு ஒட்டியிருந்தது. பிறகு மணி அடித்தது, எல்லோரும் உள்ளே போனோம். அன்றைக்கு முறுக்கிய உருளை போதாமல் வேலை தங்கியது.

நீ எரிக்கச் சொன்னதை எரித்துவிட்டேன்.

ஜெத்ரோ


எலிஜே
20 ஏப்ரல் 1864

என் அருமை அண்ணனுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீயும் நலமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். இருமல் எப்படி இருக்கிறது? காட்டுச் செர்ரிப் பட்டையை வேகவைத்துக் குடி, வெறும் வயிற்றில்.

இவர் தேறிவருகிறார். காயம் ஆறிவிட்டது. கலப்பை பிடிக்க முடியவில்லை, நானும் பெரியவளும் பிடிக்கிறோம், இவர் மாட்டின் முன்னால் நடக்கிறார். வாய் மட்டும் குறையவில்லை. "உங்கண்ணன்கிட்டச் சொல்லி எடது கைக்கு ஒண்ணு செஞ்சு தரச் சொல்லுடி" என்று நேற்றுகூடக் கேலி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. குளிர்காலக் காற்றில் பறந்த கூரையை எல்லாம் சரிசெய்துவிட்டோம். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டில் இன்னொரு உயிர் கூடும். ஆணாகப் பிறந்தால் உன் பெயர் வைக்க வேண்டும் என்று இவர் ஒற்றைக் காலில் நிற்கிறார்.

கோர்ட்டு எப்படி மனசு மாறியது என்று கேட்டார். அண்ணன் போய் நியாயத்தைச் சொன்னார் என்று சொன்னேன். அழுதார். "ஜெத்ரோ மாதிரி ஒருத்தன் யாருக்கு வாய்ப்பான்" என்றார்.

தேன் ஒரு குடுவை அனுப்பியிருக்கிறேன். இங்கே வந்து கொஞ்சநாள் இருந்துவிட்டுப் போ. எப்போதும் வேலை வேலை என்று கிடக்காதே.

என்றும் உன் பாசமுள்ள
டோர்கஸ்

எரித்தது நிச்சயம்தானே?


ஹார்லன் மில்ஸ்
11 ஜூன் 1865

அன்புத் தங்கைக்கு,

சண்டை முடிந்தது உங்கள் மலைக்கும் தெரிந்திருக்கும். போன நவம்பரில் வடக்கத்திப் படை எரித்ததோடு ஆலை சரி. லாட்டிமர் வடக்கத்தித் தளபதி முன்னால் சத்தியம் செய்து மன்னிப்பு வாங்கிக்கொண்டு, இப்போது பருத்தி வாங்கி விற்கிறார். தளபதிக்கும் அவர் வீட்டில்தான் சாப்பாடு. சின்ன ஜெத்ரோ எப்படி இருக்கிறான்? தவழ ஆரம்பித்திருப்பான் இந்நேரம்.

நான் சாம்பலில் கிளறி எடுத்த உதிரிகளைப் பூட்டி, வடக்கத்திச் சிப்பாய்களுக்கு விற்றுப் பிழைக்கிறேன். ஊருக்குக் கொண்டுபோக ஞாபகப்பொருள் கேட்கிறார்கள். உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முறுக்கின ரேகை மரத்தின் ரேகை மாதிரி அழகாக ஓடுகிறது என்கிறார்கள். முத்திரை இருந்தால்தான் அசல் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். இல்லாததற்கு நான் குத்திக் கொடுக்கிறேன்.

எழுத வந்த விஷயம் வேறு. வைனி வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஜெபக்கூட்டம் முடிந்ததும் என் வேலியருகே வந்து நிற்கிறாள். முன்பு என்றால் விரட்டியிருப்பேன். இப்போது விரட்ட முடியாது. முதல் வாரம் அவனை எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டாள். ஆற்றங்கரை என்றேன். எந்த இடம் என்றாள். எனக்குத் தெரியாது, குழி தோண்டியவர்கள் வேறு. அடுத்த வாரம் வேறு கேள்வி.

"அவரு பேரச் சொன்னது யாரு?"

"கோர்ட்டு" என்றேன்.

"கோர்ட்டுக்கு எங்க வீட்டுக்காரர் பேரு எப்படித் தெரியும்? அவரு அந்த ஆலை வேலியத் தாண்டி வெளிய போனதே இல்லையே. நீங்க சொன்னீங்களா?"

"என்னைச் சொல்ல வெச்சாங்க."

"யாரு?"

நான் உள்ளே வந்துவிட்டேன். அவள் இருட்டும்வரை நின்றாள். என்னால் தூங்க முடியவில்லை, டோர்கஸ். நான் கத்தியைப் பிடித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. அது எங்கே இருக்கிறது என்று காட்டியவள் நீ. என் வாயில் அந்தப் பெயரைப் போட்டவள் நீ. நீ எழுதும்வரை நான் அப்படி நினைத்ததே இல்லை, சத்தியமாக.

இதற்கு ஒரு பதில் எழுது. அவளுக்கு நான் என்ன சொல்வது?

அண்ணன்
ஜெத்ரோ


ஹார்லன் மில்ஸ்
23 ஜூலை 1865

டோர்கஸுக்கு,

தபால் ஒழுங்காக இல்லை, என் கடிதம் வந்து சேர்ந்திருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். இன்று வண்டிக்காரன் ஹிராம் வந்தான். உன் கையிலேயே கொடுத்தானாம். நீ வாசற்படியில் நின்றே படித்தாயாம். படித்து, நான்காக மடித்து, முன்துணிப் பையில் போட்டாயாம்.

"பதில் இருக்கான்னு கேட்டேன் ஐயா. 'மாட்டக் கட்டணும்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் அவங்க வீட்டுக்காரர்தான் வந்து மோர் குடுத்தாரு. மச்சான் என்ன எழுதிருக்காருன்னு கேட்டாரு. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னேன். 'எம் பொண்டாட்டிக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டா'ன்னு சிரிச்சாரு. நல்ல மனுசன் ஐயா. ஒத்தக் கண்ணு."

இன்று ஞாயிற்றுக்கிழமை. வைனி தனியாக வரவில்லை. கப்பியடியில் அன்று நின்ற பெண்கள் கூட வந்திருந்தார்கள். யாரும் கத்தவில்லை. அவள் வேலிக் கட்டையில் கை வைத்து, "பேரச் சொன்னவங்க பேரு எனக்கு வேணும்" என்றாள். அவ்வளவுதான். கூட வந்த ஒருத்தி, "பாவம், அவருக்கு மறந்துபோச்சு போல. முத்திரை குத்தின ஞாபகம் மட்டும் இருக்கும்" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஜெத்ரோ


ஹார்லன் மில்ஸ்
3 செப்டம்பர் 1865

டோர்கஸ்,

உன் கடிதத்தை எரித்திருக்கக் கூடாது. இருந்திருந்தால் வேலிக்கு மேலே நீட்டியிருப்பேன்.

லெவிக்கு எழுதிவிடுவேன் என்று பயப்படாதே. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். என்னை நல்லவன் என்று நினைக்க இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான் மிச்சம்.

உனக்குப் புருஷன் இருக்கிறான், பிள்ளைகள் இருக்கின்றன, மாடு இருக்கிறது. எனக்கு இந்த வேலியும் அதற்கு வெளியே நிற்பவளும்தான். நான் மட்டும் இதை வைத்துக்கொண்டு சாக மாட்டேன்.

அன்றைக்கு நீ என்னிடம் ஒரு வரி கேட்டாய். நானும் ஒரு வரிதான் கேட்கிறேன். "ஐசமின் பெயரைச் சொன்னவள் நான்." கீழே உன் கையெழுத்து. வேறு எதுவும் வேண்டாம். ஹிராம் உன் வாசலில் நிற்பான், வாங்காமல் வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

வரியை எழுது.

ஜெத்ரோ